நாம் பிரிக்கிறோம், அவர்கள் கலக்கிறார்கள்!

சகோதரிகளே, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. நாமும் அடுப்படி வேலைக்கு நடுவே பிரித்துத்தான் வைக்கிறோம். ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். கேட்டால், "வண்டியில தடுப்பே இல்லையேம்மா" என்கிறார் அந்தத் தொழிலாளி. அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? கலந்த குப்பையில் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் கையால் பொறுக்கி எடுப்பவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தானே.

வேப்பஞ்சருகு, தென்னை மட்டை கதை இன்னும் மோசம். தோட்டக் குப்பையைத் தனியாக வைக்க வேண்டும், எரிக்கக் கூடாது என்று அந்த விதிகளே சொல்லின. எடுத்துப் போக ஆள் வந்தால்தானே! மூலைக்கு மூலை கொளுத்துகிறார்கள். வீசிங் உள்ள பிள்ளைகள் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை.

குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவது நகராட்சி. வண்டியில் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே பில் பாஸ் செய்ய வேண்டும்? கிராம சபை மாதிரி நம் நகரங்களிலும் 2022-ல் பகுதி சபைக் கூட்டம் ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் போய் உட்காருகிறார்கள், அவர்கள் ரோடு, விளக்கு என்று பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் பத்துப் பெண்கள் போகிறோம். கவுன்சிலரிடம் முதல் கேள்வியே, "சருகு அள்ளும் வண்டி எந்தக் கிழமை வரும்?" என்பதுதான்.

- ஓர் இல்லத்தரசி