பெப்பர் ஸ்பிரே வெச்சிருக்கலாம்... எப்போ அடிக்கலாம்?

நைட் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும் பலரின் பையில் இப்போது பெப்பர் ஸ்பிரேயும் இருக்கிறது. ஆன்லைனிலேயே வாங்கலாம், லைசென்ஸ் தேவையில்லை. அப்போ, கோபம் வந்தா யார் மேல வேணும்னாலும் அடிக்கலாமா? கூடாது.

2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு இருந்தது. தகராறில் ஒரு காவலாளி மீது ஸ்பிரே அடித்தவர்கள், தற்காப்புக்காகச் செய்ததாகக் கூறி வழக்கை ரத்து செய்யக் கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை, விசாரணை தேவை என்றது. ஸ்பிரேயை ஆபத்தான ஆயுதம் என்றும் குறிப்பிட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கப்போகிறார் என்ற நியாயமான அச்சம் போதும். ஆனால், அந்த அச்சம் இருக்கும்வரைதான் உரிமையும். தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டவும் கூடாது. ஓடுகிறவரைத் துரத்திப்போய் அடித்தால் அது பழிவாங்கல்.

கவனிக்க வேண்டியவை

* பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, சட்டென எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.
* எதிர்க்காற்றில் அடித்தால் உங்க கண்ணுக்கே திரும்பும்.
* காலாவதி தேதியைப் பாருங்க.
* விமானத்தில் கேபின் பையில் கொண்டுபோக முடியாது.

ஸ்பிரே வாங்கித் தருவது தப்பிக்கச் சில நிமிடங்கள் மட்டுமே. அடித்ததும் அங்கிருந்து விலகி, உடனே 112-ஐ அழையுங்க.