செழிப்புதான் விசுவாசத்தின் அளவுகோலா?

வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கூட்டச் சுவரொட்டிகள் புதிதல்ல. கடன் தீரும், சொந்த வீடு அமையும், தொழில் பெருகும் என்று அவை அழைக்கின்றன. அழைப்பில் தவறில்லை. கடனில் தவிப்பவர் கடவுளிடம் போகாமல் வேறெங்கே போவார்? ஆனால் மேடையேறியதும் பேச்சு மாறிவிடுகிறது. விசுவாசம் சரியாக இருந்தால் பணம் வரும், வரவில்லை என்றால் விசுவாசத்தில்தான் கோளாறு என்கிறார்கள். செழிப்பு உபதேசம் என்று சபைகளில் பெயர் பெற்ற இந்தப் போதனைக்குச் சொல்லப்படும் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஆபிரகாமையும் சாலொமோனையும் காட்டுவார்கள். ஆபிரகாமுக்கு ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் இருந்தது உண்மை. ஆனால் வாக்குத்தத்தம் பெற்ற தேசத்தில் அவர் விலைகொடுத்து வாங்கியதாக ஆதியாகமம் 23 சொல்வது, மனைவியை அடக்கம் செய்ய ஒரு நிலத்தையும் அதிலிருந்த குகையையும்தான். மற்றபடி கடைசிவரை கூடாரத்தில்தான் குடியிருந்தார். சாலொமோன் கதை இன்னும் கடுமையானது. ராஜா குதிரைகளையும் பொன்னையும் மனைவிகளையும் பெருக்கக்கூடாது என்று உபாகமம் 17 தடுக்கிறது. சாலொமோன் மூன்றையும் பெருக்கினார், இருதயம் வழுவிப்போனார். அவருக்குப் பின் ராஜ்யமே இரண்டாக உடைந்தது. எச்சரிக்கையாக எழுதிவைத்த வாழ்க்கையை முன்மாதிரியாக நீட்டுவது வேதத்துக்குச் செய்யும் நியாயம் அல்ல.

அடுத்தது, காணிக்கையை விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்பது. மாற்கு 10-இல் நூறு மடங்கு வருகிறதுதான். அதே வாக்கியத்தில் துன்பங்களும் சேர்ந்து வருகின்றன. அதைச் சொல்லும் பிரசங்கத்தைக் கேட்பது அரிது. விதைப்பதையும் அறுப்பதையும் பற்றி பவுல் எழுதிய 2 கொரிந்தியர் 9, எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டும் கடிதத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவர் மெச்சுவது கொடிய தரித்திரத்திலும் கொடுத்த மக்கெதோனியரை. ஏழைக்குக் கொடுக்கச் சொன்ன வசனத்தைக் காட்டி, பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணின் வாரக்கூலியை வாங்குவது கொடுமை.

மூன்றாவது வாதம் நம் மண்ணைப் பற்றியது, கேட்பவர் மனத்தைச் சட்டென்று பிடிப்பதும் இதுதான். பனையேறியின் பேரன் டாக்டர் ஆனான், கலெக்டர் ஆனான், இது ஆசீர்வாதம் இல்லையா என்கிறார்கள். ஆசீர்வாதம்தான். அது வந்த வழி என்ன என்பதுதான் கேள்வி.

பனையேறியின் வேலை சாதாரணமானதல்ல. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. பருவ காலத்தில் விடியுமுன்னே ஏறத் தொடங்கி, பாளை சீவி, கலயம் மாற்றி இறங்கி, மாலையில் அதே மரங்களில் மறுபடியும் ஏற வேண்டும். கீழே மனைவி பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பாள். மரம் பெரும்பாலும் அடுத்தவனுடையது. குடியிருக்கும் மனையும் அப்படியே. மதம் மாறினால் ஊரைவிட்டே துரத்தலாம் என்ற நிலை. அப்படித் துரத்தப்பட்டவர்களுக்காக 1799-இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். சபையார் போட்ட காசில் நிலம் வாங்கி, வீடும் ஜெபவீடும் பள்ளியும் எழுப்பினார்கள். ஒருவன் பெட்டியில் குவிந்த பணமல்ல, எல்லோரும் சேர்த்த பொதுப்பணம் அது. பேரனை டாக்டராக்கிய பள்ளிக்கூடம் இந்த வழியில் வந்தது.

பாளையங்கோட்டையின் சாராள் தக்கர் கல்லூரியையும் நினைக்கலாம். அது யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பெண்மணி இந்தியாவையே பார்த்ததில்லை. இங்கிலாந்தில் நடமாட முடியாத நோயாளியாக இருந்தவர். எங்கோ இருக்கும் நெல்லைச் சீமைப் பெண்பிள்ளைகளின் படிப்பு அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

அப்படியானால் சொத்தே கூடாதா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. வண்ணார்பேட்டையை ஒட்டி ஆற்றைக் கடக்கும் பாலத்தைச் சொந்தப் பணம் போட்டுக் கட்டியவர் சுலோச்சன முதலியார், 1843-இல் அது திறக்கப்பட்டது. அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் செல்வம் எதற்கு என்று கேட்கும் கிறிஸ்தவர் அந்தப் பாலத்தைத் தாராளமாகக் காட்டலாம்.

நோயும் வறுமையும் அவிசுவாசத்தின் அடையாளம் என்ற பேச்சுதான் ஆளை அதிகம் காயப்படுத்துகிறது. யோபுவின் நண்பர்கள் பேசியது இதே பேச்சு, கடவுள் கடிந்துகொண்டது அவர்களைத்தான். களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். தன் குழிக்குமேல் கல்லறைக் கல்கூட வேண்டாம் என்று சொல்லிப் போனவர் அவர். அவருடைய விசுவாசத்தில் கோளாறு என்று எந்தப் பிரசங்கியார் சொல்லத் துணிவார்?

கடைசியாக, பணமில்லாமல் ஊழியம் நடக்குமா என்பார்கள். நடக்காது. ஆனால் லாப வாக்குறுதி கொடுக்காமலே நெல்லைச் சபை பணம் திரட்டிக் காட்டியிருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போட்டுவைப்பது இங்குள்ள பெண்களின் வழக்கம். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் பூசணியும் கோழியும் காணிக்கையாக வந்து ஏலம் போகும். ஒரு பூசணிக்காயைச் சந்தை விலைக்குப் பலமடங்கு கேட்டு எடுப்பவர், லாபத்துக்காக அதைச் செய்வதில்லை. இப்படிக் கொடுத்துப் பழகிய மக்களை நம்பித்தான் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் நண்பர்களும் 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது ஏற்பாடு. நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். பின்னர் அசரியாவே ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டு அங்கே போனார், 1912-இல் அந்தப் பகுதிக்கே பேராயரானார்.

அந்தச் சங்கம் கொடுத்தவர்களுக்கு வீடு, கார் என்று வாக்குக் கொடுத்து வளர்ந்ததல்ல. இன்றைய மேடைகளில் காணிக்கைப் பை சுற்றிவரும்போது எத்தனை மடங்கு திரும்பி வரும் என்று சொல்பவர்கள், போன கூட்டத்தில் விழுந்த பணம் எங்கே போயிற்று என்ற வரவுசெலவை அதே மைக்கில் வாசிக்கட்டும். அதில் விதவைக்கு எவ்வளவு, படிக்க வழியில்லாத பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை, வாரக்கூலியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போன அந்தப் பீடித்தொழிலாளிக்கு இருக்கிறது.