ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்ததா?



என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். கசிகிற நீர் வெளியே வர ஒரு டியூப் வைத்து, தினமும் அளந்து பார்த்து, நன்றாகக் குறைந்த பிறகு அதை எடுத்தார்கள். 'அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு' என்று வீரசோழனுக்குக் கூட்டி வந்தோம்.

பத்து நாள் கழித்து அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டு வேலை பார்த்தாள். கையைத் தூக்க முடியாமல் போனபோதுதான் எனக்கே தெரிந்தது.

"நோய் திரும்ப வந்துருச்சுடி. இன்னொரு தடவை அவுகளைக் கடனாளி ஆக்கச் சொல்றியா?" என்று அழுதாள். பார்க்க வந்த ஒருத்தர் பச்சிலை அரைத்துப் பத்துப் போடச் சொன்னார். இன்னொருத்தர், "ஊசியைச் சுட்டு ஒரு குத்துக் குத்துனா வடிஞ்சுரும்" என்றார். நல்லவேளை, இரண்டையும் செய்யவில்லை. மறுநாளே முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கட்டி இல்லம்மா, நீர்தான். வாய்க்காலை வெட்டிட்டா தண்ணி பள்ளத்துல தேங்கும்ல, அது மாதிரி" என்றார். சிரிஞ்சு வைத்து உறிஞ்சியதும் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு டம்ளர் அளவுக்கு வந்தது. அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆனால் ஒரு தடவையோடு தீரவில்லை. மறுபடி சேர்ந்தது, மறுபடி எடுத்தார்கள். நாலு தடவை போய் வந்த பிறகே நின்றது. சிறிய வீக்கமாக, வலி இல்லாமல் இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளுமாம். சும்மா சும்மா ஊசி குத்தினால் கிருமி சேரும் என்பதால் அதைத் தொட மாட்டார்களாம். எத்தனை தடவை எடுத்தும் நிற்காதவர்களுக்குத் திரும்ப டியூப் வைப்பதுண்டு. உள்ளே ஒட்டிக்கொள்ள மருந்து செலுத்துவதுண்டு. அபூர்வமாக இன்னொரு சிறு ஆபரேஷனும் செய்வார்களாம். ஆக, இதற்கு வழி இருக்கிறது. ஆனால் காய்ச்சல், சிவப்பு, சூடு, சீழ் என்று ஏதாவது கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை மறைத்துப் புண்ணாக்கிக்கொண்டால், அடுத்து தர வேண்டிய மருந்தும் கரண்டு வைத்தியமும் தள்ளிப்போகலாம். அதுதான் உண்மையான ஆபத்து.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எங்கள் மாவட்டத்துக்கே 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கிட்டே வந்துவிட்டது. நம் வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆபரேஷன் என்றதும் நகையை அடகு வைக்கிறோம், ஊரே கூடி வருகிறது. காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன் செலவுக்குக் கை கொடுக்கும். அதற்கப்புறம் போய் வருகிற பஸ் காசையும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலியையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. அந்தக் காசை நினைத்துத்தான் பெண்கள் வீக்கத்தை மறைக்கிறார்கள். திரும்பப் போகிற நாலைந்து நடையும் ஆபரேஷனைச் சேர்ந்ததுதான் என்று வீட்டு ஆண்களும் மாமியார்களும் முதலிலேயே எண்ணிப் பணம் ஒதுக்க வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும்போதே, "நீர் சேரலாம், பயப்படாதே" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே நீர் எடுத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். சகோதரிகளே, நீங்களும் கேட்காமல் கிளம்பாதீர்கள். கையை எவ்வளவு உயரம் தூக்கலாம், தண்ணீர்க் குடம் எப்போது எடுக்கலாம், வீங்கினால் யாரைப் பார்க்க வேண்டும் - இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மழைக்கு ஏங்கும் எங்கள் சீமையில் தண்ணீர் தேங்கினால் சந்தோஷப்படுவோம். உடம்பில் தேங்கினால் மட்டும் ஒளிக்காதீர்கள், அம்மா!

- ஒரு வாசகி, வீரசோழன்.