கம்பி போட்டால் பல்லின் வேர் கரையுமா?

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் சாயந்திரம் காலேஜ் விட்டு நிற்கிற பெண்களில், பல்லில் கம்பி மின்ன இரண்டொருவரையாவது பார்த்துவிடலாம். எடுப்புப் பல், தெத்துப் பல் என்று கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்த காலம் போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் நாத்தனார் மகளுக்குக் கம்பி போட்ட கையோடு வரன் தகைந்து, தை மாத முகூர்த்தமும் குறித்தாயிற்று. "நல்லா இறுக்கி விடுங்க டாக்டரம்மா, கல்யாணத்துக்குள்ள பல்லு உள்ள போயிரணும்" என்று நாத்தனார் ஒரே பிடியாக நின்றார். "இறுக்கினா பல்லு சீக்கிரம் போகாதும்மா, வேருதான் போகும்" என்று அந்தம்மா மறுத்துவிட்டார். பெண் கம்பியோடுதான் மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதென்ன, வேர் போவது? கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பல் ஒன்றும் தாடையில் ஆணி மாதிரி அறைந்து நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு நார்ப் படுகை. அதற்குள் ரத்தக் குழாய், நரம்பு, விதவிதமான செல்கள். கம்பி மெல்லத் தள்ளும்போது, அமுங்குகிற பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேரும்; எதிர்ப்பக்கம் எலும்பு கட்டும் செல்கள் வேலை தொடங்கும். திராட்சைப் பந்தலின் கல்தூணை நகர்த்த ஒரு பக்கம் மண்ணைப் பறித்து, மறுபக்கம் போட்டு நிரப்புவார்களே, அந்தக் கதைதான். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம்.

சரி, எலும்பைக் கரைக்கிறது வேரை ஏன் விட்டுவைக்கிறது? எனக்கு இதுதான் அதிசயமாயிருந்தது. வேரின்மேல் சிமெண்டம் என்று ஒரு பூச்சு. ஈறுப் பக்கம் தலைமுடிக் கனம்கூடத் தேறாது. அதன்மேல் இன்னும் கெட்டிப்படாத பச்சைப் பூச்சு. அதற்கும் மேலே சிமெண்டோபிளாஸ்ட் என்ற செல்கள் காவல் நிற்கின்றன. பச்சைப் பூச்சில் கரைக்கும் செல்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. போதாததற்கு, அவற்றைத் தடுக்கிற புரதம் ஒன்றையும் அந்த இடத்துச் செல்களே சுரக்கின்றன. ஆஸ்டியோபுரோட்டெகெரின் என்று பெயர், வாயில் நுழையவில்லை! 1997-ல்தான் அதை அறிந்தார்கள்.

அழுத்தம் அதிகமானால் இந்தக் காவல் குலைந்துவிடும். ரத்தக் குழாய் நசுங்கி, அங்குள்ள செல்கள் செத்துப்போகும். பல்லும் நகராமல் முரண்டு பிடிக்கும். செத்ததை அப்புறப்படுத்த வருகிற செல்கள் காவலில்லாத வேரையும் சேர்த்துச் சுரண்டிவிடும். கம்பி போட்டவர்களின் வேர்நுனி குட்டையாவதை 1927-லேயே அமெரிக்காவில் கெச்சம் என்ற பல் டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினார். 1932-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர், நுண்ணிய ரத்தக் குழாய் நசுங்காத அளவு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் விசைதான் தகும் என்று கணக்கே சொன்னார்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து கம்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள். லேசான தேய்மானம் அநேகம் பேருக்கு உண்டு, அதனால் பல் ஆடிவிடாது. விசை நின்றதும் சின்னப் பள்ளங்களைச் சிமெண்டோபிளாஸ்டுகளே பூசி மெழுகிவிடும். நுனி குட்டையானால் மட்டும் திரும்ப வளராது. மேல்வரிசை முன்பற்களில்தான் இது அதிகம். அதனால்தான் ஆறு மாசம், ஒரு வருஷத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். தேய்மானம் தெரிந்தால் இரண்டு மூன்று மாசம் இழுக்காமல் சும்மா விட்டுவைப்பார்கள். 'பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார்' என்று அப்போது முணுமுணுக்க வேண்டாம்; வேர் ஆறுகிற நேரம் அது.

சின்ன வயசில் விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நகம் கடிக்கிற பிள்ளையா, அதையும் சொல்லுங்கள். கம்பியை முடுக்கிய அன்று வலித்தால் கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஐபுபுரூஃபன் போன்றவை பல் நகர்வதையே மந்தப்படுத்தக்கூடும். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று கம்பி போட்டவரிடமே கேளுங்கள். இரண்டு மூன்று நாள் இட்லி, குழைந்த சாதம் கொடுத்தால் போதும். முறுக்கும் கரும்பும் கம்பி கழன்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.