கடைக்குள் துவக்கு வந்தால்...



சென்ற இதழில் சிறுகடன் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பொத்துவில் ராத்தா ஒருவர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். கடனைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. "அறுகம்பே றோட்டில் காலைக் கடை வைத்திருக்கிறேன். ரொட்டியும் இடியப்பமும் விற்கிறேன். துவக்கோடு வந்து உள்ளுக்கு இருந்து சாப்பிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், காசும் சரியாகத் தருகிறார்கள். ஆனால் அவர்கள் எழும்பிப் போகும் மட்டும் வேறொருவரும் படியேறமாட்டார்கள். இதை யாரிடம் சொல்வது? சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இது ஒருவருடைய பிரச்சினை அல்ல. நான் வேலை செய்யும் மகளிர் குழுக்களில் சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை, தையற்கடை என்று நடத்துகிற பெண்கள் பலர் இதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். எனவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறேன்.

அறுகம்பேயில் அண்மைக் காலத்தில் துவக்குகள் கூடிய கதை உங்களுக்குத் தெரியும். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அறுகம்பேயில் உல்லாசப் பயணிகள் கூடும் இடங்கள் தாக்கப்படலாம் என்று தகவல் கிடைத்துள்ளதாக எச்சரித்தது. இஸ்ரேலியர்கள் உடனே அங்கிருந்து வெளியேற வேண்டும் என்று அவர்களுடைய நாடு அறிவித்தது. ஓரிரு நாட்களுக்குள் பொலிசாரும் விசேட அதிரடிப்படையினரும் வந்து குவிந்தார்கள். வீதித் தடைகள் வந்தன. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த 2025 பருவத்திலும் இஸ்ரேலியர் கூடும் வழிபாட்டு இல்லத்தின் பக்கம் ஆயுதக் காவல் போடப்பட்டது. அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிற அதே ஒழுங்கையில் ரி-56 துவக்கைத் தோளில் போட்டவர்களும் நின்றார்கள். நிற்பவர்களுக்கும் பசிக்கும், தேத்தண்ணி வேண்டும். பக்கத்தில் இருப்பது நம்முடைய பெண்களின் கடைகள்தான்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் துவக்கு வைத்திருக்க முடியாது. அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வயலுக்குப் பன்றி, யானை வராமல் காக்கும் துவக்கென்றால் கச்சேரி மூலமும், தற்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு மூலமும் அனுமதி பெற வேண்டும். (பன்றிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்குக்கு எந்த அனுமதியும் கிடையாது. அது முழுக்கச் சட்டவிரோதம். விறகுக்குப் போகும் பெண்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விடயம் இது.) 2024 இறுதியில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை எல்லாம் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. நவம்பர் 7 என்று திகதி போட்டுப் பிறகு அதை நீடித்தது. வங்கி வாசலிலும் அடகு பிடிக்கும் இடத்திலும் நிற்கிற தனியார் காவலாளிகள் வேறு வகை. அவர்களுடைய நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆக, சாதாரண ஆள் ஒருவர் துவக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்குள் வந்தால் பொலிசுக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் நம்முடைய ராத்தாவின் கடைக்கு வருவது சாதாரண ஆளின் துவக்கு அல்ல, கடமையில் இருப்பவரின் துவக்கு. கடிதத்தில் "சொல்லலாமா" என்று அவர் தயங்குவது இதனால்தான்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழானது. அங்கே பல மாநிலங்களில் பொதுமக்களே இடுப்பில் துவக்கு தெரியக் கட்டிக்கொண்டு கடைக்குள் போகலாம். டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அனுமதி பெற்றவர்கள் அப்படிப் போகலாம் என்று சட்டம் வந்தது. 2021 செப்டெம்பரிலிருந்து பெரும்பாலானோருக்கு அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. ஆனால் அதே சட்டம் கடைக்காரருக்கும் ஓர் உரிமை வைத்திருக்கிறது. துவக்கைத் தெரியக் கொண்டு உள்ளே வரக்கூடாது என்று வாசலில் அறிவித்தல் போடலாம். எழுத்து ஓர் அங்குலம் உயரமாக இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. அதை மீறி வந்தால் குற்றம். ஸ்டார்பக்ஸ் என்ற பெரிய கோப்பிக் கடை நிறுவனம் 2013 செப்டெம்பரில், துவக்குகளைக் கடைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது. 2019 ஓகஸ்ட் 3இல் எல் பாசோ நகரத்திலுள்ள வோல்மார்ட் கடையில் ஒருவன் சுட்டதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே வோல்மார்ட்டும் துவக்கைத் தெரியக் கொண்டு வராதீர்கள் என்று கேட்டது. கவனியுங்கள், இரண்டு நிறுவனங்களும் 'தடை' என்று சொல்லவில்லை, 'கேட்டுக்கொள்கிறோம்' என்றுதான் சொன்னார்கள். உலகத்திலேயே பெரிய கடைக்காரர்களுக்கும் துவக்குக்காரரிடம் பேசும்போது குரல் தாழத்தான் செய்கிறது! அந்த அறிவித்தலும் பொதுமக்களைத்தான் கட்டுப்படுத்தும், கடமையில் உள்ள பொலிசாரை அல்ல. அதனால் டெக்சாஸ் பலகையைக் கொண்டுவந்து அறுகம்பேயில் மாட்டுவதால் நமக்குப் பயன் இல்லை.

நம்முடைய பெண்களுக்குத் துவக்கைக் கண்டால் என்ன ஞாபகம் வரும் என்பது ஊருக்கு ஊர் வேறு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற் படைக்குத் துவக்குக் கொடுத்தார்கள். இரவில் சந்தியில் நம் ஊர்ப் பொடியன் ஒருவன் துவக்கோடு நின்றதால் நித்திரை கொண்டோம் என்று சொல்லும் உம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். அதே துவக்கைக் கண்டு நித்திரை இழந்த தமிழ்த் தாய்மார் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். 2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையில், புலிகளின் அரசியற் பிரிவினர் அரசாங்கப் பகுதிக்குள் ஆயுதமில்லாமல் வரலாம் என்று எழுதியிருந்தது. ஆயுதத்தோடு வரும் ஆளும் ஆயுதமில்லாமல் வரும் ஆளும் ஒன்றல்ல என்று பெரியவர்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2004 மார்ச்சில் கிழக்கில் இயக்கம் பிளவுபட்ட பின் எந்தத் துவக்கு யாருடையது என்றே விளங்கவில்லை. 2006 செப்டெம்பரில் பொத்துவிலில் றாத்தல் குளத்தடிக்கு வேலைக்குப் போன முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததைக் கல்முனைப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனையும் பார்த்த கண்கள்தான் இன்று கடையில் தேத்தண்ணி ஆற்றுகின்றன.

குழுக்கூட்டம் ஒன்றில் இந்தக் கடிதத்தைப் பெயர் சொல்லாமல் வாசித்தேன். எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள் என்று நினைத்தால் நீங்கள் ஏமாறுவீர்கள். இரண்டு அறை வாடகைக்கு விடும் ஒரு சகோதரி, "அவங்க நிக்கிறதாலதான் புள்ள வெளிநாட்டுக்காரன் வாறான். 2024இல் எச்சரிக்கை வந்த கையோட அறையெல்லாம் வெறிச்சோடிச்சு. அவங்களைப் போகச் சொல்லிப்போட்டு நாம என்ன தின்ற?" என்றார். கோமாரியிலிருந்து வந்த சகோதரி வெகுநேரம் பேசவே இல்லை. அவருடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களை இன்று வரைக்கும் யாரென்று தெரியாது. கடைசியில், "துவக்கை மேசையில வைக்கிற சத்தம் இருக்கே அக்கா, இரும்பும் பலகையும் படுற சத்தம், அது கேட்டா எனக்குக் கை நடுங்கும். கறி ஊத்தேலாது" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. வாசலுக்கு வெளியே காவல் வேண்டும் என்பதும், உள்ளே மேசையில் துவக்கு வேண்டாம் என்பதும் ஒன்றுக்கொன்று முரணான ஆசைகள் அல்ல. காவல் தெருவுக்குரியது. கடை என்பது அந்தப் பெண்ணின் அடுப்படியின் நீட்சி. பல இடங்களில் அது வீட்டு விறாந்தைதான், பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள், அங்கேயே படுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஆண்கள் இதை யோசிப்பதே இல்லை. துவக்குக்காரர் அடிக்கடி வந்திருக்கும் கடை ஓர் ஆணின் கடையாக இருந்தால் 'ஆளுக்குச் செல்வாக்கு' என்பார்கள். கணவன் இல்லாத பெண்ணின் கடையாக இருந்தால் கதை வேறு. ஒருவர் அவளைத் தகவல் கொடுப்பவள் என்பார், இன்னொருவர் அதைவிடக் கேவலமாகச் சொல்வார். வந்தவர் தேத்தண்ணி குடித்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பேச்சு அந்தப் பெண்ணோடு தங்கிவிடும். கடன் கொடுத்தவர்களும், மகளுக்குக் கலியாணம் பேச வருகிறவர்களும் அந்தப் பேச்சைத்தான் கேட்பார்கள். என் கருத்தில், வியாபாரம் குறைவதைவிட இந்த நட்டம் பெரியது.

என்ன செய்யலாம்? இதே பிரச்சினையைக் கரையோரத்தில் ஒரு குழு தீர்த்த விதத்தைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே எந்தப் பெண்ணும் தனியாகப் போய்ப் பேசவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியும் செயலாளரும் இன்னும் மூன்று பேரும், கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு, காவலுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனார்கள். குற்றம் சொல்லப் போகவில்லை. "உங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு தருவது எங்களுக்குச் சந்தோசம். நேரத்தைச் சொல்லுங்கள், தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிச் சாவடிக்கே அனுப்புகிறோம்" என்றார்கள். கடையில் இருந்து சாப்பிட விரும்புபவர்களுக்கு வேப்பமரத்தடியில் வாங்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேர் வந்தால் ஒருவர் துவக்குகளோடு வெளியே வாங்கில் இருக்க, மற்றவர் வெறுங்கையோடு உள்ளே வந்து சாப்பிடுவது என்று பேசி முடிவானது. அதிகாரிக்கும் அது வசதியாகத்தான் பட்டது, ஏனென்றால் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவது அவர்களுடைய ஒழுங்குக்கும் சரியில்லை. அந்த அதிகாரி மாறிப்போனபோது குழு மறுபடியும் போய்ப் புதியவரிடம் முதலிலிருந்து பேசியது. ஆள் மாறினால் பேச்சும் மாறிவிடும், அதனால் இது ஒரு தடவையில் முடிகிற வேலை அல்ல.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நல்லபடி கேட்டும் கேட்காதவர்கள், கடனுக்குச் சாப்பிட்டுவிட்டுத் துவக்கைக் காட்டிச் சிரிப்பவர்கள், இரவில் கதவைத் தட்டுபவர்கள் இருந்தால் அது கடைப் பிரச்சினை அல்ல, முறைப்பாடு செய்ய வேண்டிய விடயம். திகதி, நேரம், சீருடையின் நிறம், வாகன இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதுவியுங்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் இருக்கிறது. அதன் அவசர இலக்கம் 1996. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டுக்கும் தமிழில் பேசலாம். தனியாக அலுவலகத்துக்குப் போகத் தயக்கமென்றால் குழுவோடு போங்கள்.

கடிதம் எழுதிய ராத்தாவுக்கு ஒரு சொல். வாங்கு போடுவதற்கு முன் உங்கள் வீதியில் இன்னும் எத்தனை கடைக்கு இந்தத் தொல்லை என்று விசாரியுங்கள். நீங்கள் மட்டும் வெளியே வாங்கு போட்டால் அவர்கள் பக்கத்துக் கடைக்குள் போய் இருப்பார்கள். அந்தக் கடையும் ஒரு பெண்ணுடையதுதானே. நாலைந்து கடை சேர்ந்த பின் சங்கத் தலைவியிடம் போங்கள். அடுத்த பருவம் ஏப்ரல் மட்டில் தொடங்கிவிடும், அதற்கு முன் பேசிவிடுவது நல்லது.