ஆலைக்குச் சுத்தம், வயலுக்குக் கலப்படமா?



பார்வைக்கு வெள்ளைக் கற்கண்டுத் தூள் போன்றதோர் உப்பு. பெயர் ஜிங்க் சல்பேட். துத்தநாகமும் கந்தக அமிலமும் கூடிப் பிறந்தது. இந்த ஒரே உப்பு மூன்று வாசல்களில் நுழைகிறது. வாசலுக்கு வாசல் அதற்குக் கிடைக்கும் மரியாதை வேறு!

முதல் வாசல் ரேயான் ஆலை. மரக்கூழை இழையாக்கும் அமிலத் தொட்டியில் இதைக் கலக்கிறார்கள். இழை அவசரப்பட்டு இறுகாமல் உறுதியாக உருவாக இது உதவுகிறது. அளவு பிசகினால் நூல் கெடும். நூல் கெட்டால் லாபம் கெடும். ஆகவே தொட்டிக்கு ஓயாத சோதனை! அதே ஆலையில் கார்பன் டைசல்பைடு ஆவியைச் சுவாசித்து நரம்பும் இதயமும் கெடும் தொழிலாளியை அத்தனை அக்கறையோடு சோதிப்பவர் யார்?

இரண்டாவது வாசல் வயல். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெற்பயிர் குன்றுகிறது. இலையில் துருப்போல் புள்ளி படர்கிறது. இது துத்தநாகப் பற்றாக்குறை என்று 1966-ல் பந்த்நகர் விஞ்ஞானி நெனே எடுத்துக்காட்டினார். பரிகாரம், ஏக்கருக்குப் 10 கிலோ ஜிங்க் சல்பேட். அதில் 21 சதவீதம் துத்தநாகம் இருக்க வேண்டும் என்கிறது 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை. அதாவது 10 கிலோவில் 2 கிலோ 100 கிராம். கலப்படக்காரன் செய்வதென்ன? மலிவான மக்னீசியம் சல்பேட்டைக் கலந்து மூட்டை கட்டுகிறான். பயிர் தேறாது. மகசூல் விழுந்தால் குத்தகை விவசாயி கடனாளி. அறுவடைக் கூலியும் சுருங்கும்.

“விவசாயிக்கு விவரம் போதாது” என்று சில கனவான்கள் உபதேசிக்கிறார்கள். இரண்டும் ஒரே வெள்ளை! ரசாயனம் படித்தவரே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டி.ஏ.பி. உரம் கரைத்த நீரில் இதன் கரைசலை ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரள வேண்டும், திரளாவிட்டால் மோசடி. ஆனால் பாதிக் கலப்படமும் திரளும். அதைப் பிடிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும். ஆலை முதலாளிக்கு இருக்கும் ஆய்வுக்கூடம் விவசாயிக்கு எங்கே?

மூன்றாவது வாசல் குழந்தையின் வாய். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்கும்படி 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் கூறின. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பத்து முதல் பதினான்கு நாள். போக்கு நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. (உர மூட்டை உப்பு மருந்தல்ல, வாயில் வைக்காதீர்!) இத்தனை மலிவான மருந்து கூலிக்காரன் குடிசைக்கு முழு நாளுக்கும் வந்து சேரவில்லை என்றால், அது விஞ்ஞானத்தின் குற்றமா?

நாம் கேட்பது பிச்சையல்ல. ஒவ்வொரு மூட்டைக்கும் ரசீது கொடு! மாதிரி எடுத்துச் சோதி. முடிவை ஊரறியப் பலகையில் ஒட்டு! ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு நாள் மாத்திரையும் கொடு! நூலுக்குக் காட்டும் அக்கறையை நெல்லுக்கும் உயிருக்கும் காட்டு! சங்கம் தோறும் இக்கோரிக்கை முழங்கட்டும்!