புதுத்துணியை வெட்டி ஒட்டுப் போடுவதா?

துணி விலை ஏறிவிட்டது, இனி எப்படித் தைப்பது என்ற புலம்பல் நம் தையல் ஆர்வலர்களிடையே ஓயாமல் கேட்கிறது. ஆசிரியர் அறையில் கேட்கிறது. பெற்றோர் கூடும் இடங்களில் கேட்கிறது. 'குவில்ட்' எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைகளைப் பதினைந்து ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகத் தைத்து வருபவள் நான். ஆகவே, இதைப்பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச எனக்கு உரிமை உண்டு என நம்புகிறேன்.

விலை ஏறியிருப்பது உண்மைதான். ஆனால், காரணம் கேட்டால் 'பஞ்சு விலை' என்ற விடைதான் எல்லார் வாயிலும் வருகிறது. 2010இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இந்தியா பஞ்சு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2011 மார்ச்சில் ஒரு பவுண்டு பஞ்சு 2 அமெரிக்க டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கியது. 2022 மே மாதத்தில் மறுபடியும் ஒன்றரை டாலர் வரை ஏறி, அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு டாலருக்குக் கீழே வந்துவிட்டது. பஞ்சு இறங்கியபோது நாம் வாங்கும் துணியின் விலை இறங்கியதா? நான் காணவில்லை.

44 அங்குல அகலமுள்ள பருத்தித்துணி ஒரு மீட்டரைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 165 கிராம். பவுண்டுக்கு 80 காசு என்று கணக்கிட்டால் அதிலுள்ள பஞ்சின் மதிப்பு இரண்டு ரிங்கிட்டைக்கூட எட்டாது! மீதியெல்லாம் நூற்பு, நெசவு, அச்சு, கப்பல் கூலி, கடை வாடகை. இவற்றோடு நம் நாணயத்தின் சரிவும் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட் அளவுக்குச் சரிந்தோம். 1998க்குப் பிறகு காணாத வீழ்ச்சி அது. அதே ஆண்டு சனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்தது.

இவ்வளவும் யாருக்குச் சுமை? இறக்குமதித் துணியை வாங்கியே தீரவேண்டும் என்று நினைப்பவருக்குத்தான். ஐந்தங்குலச் சதுரங்களாக நறுக்கி, நாடா கட்டி அழகாக அடுக்கி விற்கிறார்களே, அந்தக் கட்டுகளைத்தான் சொல்கிறேன். ஒரு கட்டில் 42 சதுரங்கள். நான்காம் ஆண்டு மாணவரிடம் கொடுத்தால் பரப்பளவைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்: முக்கால் மீட்டர் துணிகூட இல்லை. அதிலும் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைவதால், ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாமல் போகிறது. நல்ல புதுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை மீண்டும் ஒன்றாகத் தைப்பதற்கு இவ்வளவு விலையா? ஒட்டுப் போடுவது என்பது இருப்பதைக் கொண்டு இல்லாததை நிரப்பும் கலையல்லவா?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் நைந்துபோன வேலை உடைகளைக் கொண்டு போர்வை தைத்தார்கள். 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? 1942இல் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் சப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள், ஆளுக்கொரு சதுரத்தில் பெயரையும் தம்மைப் பற்றிய ஒரு குறிப்பையும் பின்னி, 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளைத் தைத்தனர். வேறு முகாமிலிருந்த கணவன்மாருக்குத் தாம் உயிரோடிருப்பதை அறிவித்த மடல்கள் அவை! அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அதே சிறையில் சிறுமிகள் துண்டுத்துணிகளை அறுகோணங்களாக வெட்டித் தைத்த போர்வை இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தச் சிறுமிகளுக்கு எந்தக் கடை நாடா கட்டிக் கொடுத்தது?

என் சினம் விலைமீது அன்று. அந்த விலை செய்கிற வேலைமீது. சென்ற ஆண்டு ஒரு குடியிருப்புப் பகுதியில் விடுமுறைத் தையல் வகுப்பு நடந்தது. குறிப்பிட்ட துணிக்கட்டை ஒவ்வொரு பிள்ளையும் வாங்கி வரவேண்டும் என்றார்கள். ஒரு தாய் தம் பழைய பாத்தேக் கைலியைத் துவைத்து, இசுதிரி போட்டு, மடித்து எடுத்து வந்திருந்தார். "வீட்டுத் துணி வேண்டாம்மா, நிறம் சேராது" என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளை அது. கைவினையைப் பணப்பையால் அளக்கத் தொடங்கினால் முதலில் வெளியே போகிறவர்கள் நம் பிள்ளைகள்தாம். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் தையல் கற்பித்த விரிவுரையாளர், முதல் பருவம் முழுவதும் கடைத்துணியைத் தொடவே விடமாட்டார். அவர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

'அப்படியானால் மலிவான துணி கிடைக்கட்டும்' என்பார் சிலர். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலிவு உடைகளைத் தைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்கள். மலிவுக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.

பழந்துணி உழைக்காது என்பது அடுத்த மறுப்பு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். கைலியில் உட்காரும் பகுதி நைந்திருக்கும். ஓரங்கள் உறுதியாக இருக்கும். பள்ளிச் சீருடையின் கருநீலத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. இசுதிரிச் சூட்டைக் குறைத்தால் போதும், பருத்தியோடு சேர்த்துத் தைக்கலாம். தையற்காரரிடம் கேட்டால் ரவிக்கை வெட்டிய மிச்சங்களைப் பை நிறையக் கொடுப்பார். ஏன், நம் வீட்டு அலமாரியைத் திறந்தாலே திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துண்டுகள் எத்தனை! யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த விழாவில் அடுத்தவர் பைக்குள் போவதற்காகவே அவை பிறந்திருக்கின்றன.

போர்வையின் நடுவே வைக்கும் பஞ்சுப்படலமும் நம் வெயிலுக்குத் தேவையில்லை. வங்காளத்துக் காந்தா தையலைப்போல் பழைய பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாக உள்ளே வைத்தால் போதும். நூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மட்டமான நூல் இரண்டு துவைப்பில் அறுந்துவிடும். அத்தனை உழைப்பும் பாழ்.

வரும் பள்ளி விடுமுறையில் நான் நடத்தவிருக்கும் வகுப்புக்குத் துணி வாங்கும் பட்டியல் எதையும் பெற்றோருக்கு அனுப்பப் போவதில்லை. பிள்ளைக்குச் சிறியதாகிப்போன ஒரு சட்டை, அம்மாவின் பழைய கைலி ஒன்று, கத்தரிக்கோல். ஊசியும் நூலும் நான் கொண்டு வருகிறேன்.